குடைசாயும் கணக்கு

2009 மார்ச் மாதம் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. யமஹா நிறுவனத்தின் 'ரைனோ' வண்டி வைத்திருப்பவர்கள் அதை உடனே நிறுத்திவைக்க வேண்டும், விற்பனையகத்துக்குக் கொண்டுபோய் இலவசமாகச் சரிசெய்துகொண்ட பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். 50-க்கும் மேற்பட்ட விபத்துகளை ஆணையம் ஆராய்ந்திருந்தது. அவற்றில் 46 பேர் இறந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை வண்டி குடைசாய்ந்த விபத்துகள்.

அந்த அறிவிப்பில் அடுத்தடுத்து வந்த இரண்டு தகவல்களுக்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். விபத்தில் சிக்கிய பலர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பது ஒன்று. இறப்புக்கும் காயத்துக்கும் காரணமான கவிழ்தல்களில் பலவும் சமதரையில், குறைந்த வேகத்தில் திரும்பும்போது நடந்தவை என்பது மற்றொன்று. முதல் தகவலை மட்டும் படிப்பவர், ஓட்டியவரின் அலட்சியம்தான் காரணம் என்பார். இரண்டாவதை மட்டும் படிப்பவர் வண்டியில்தான் கோளாறு என்பார். நீதிமன்றங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இந்த வாதம் இப்படியேதான் நடக்கிறது. இரண்டு தகவலும் ஒரே விபத்தில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்க இயற்பியல் வேண்டும்.

ரைனோ 2004-ம் ஆண்டு மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, ஸ்டியரிங், தலைக்கு மேல் இரும்புக்குழாய்க் கூண்டு, பின்னால் சிறு சுமைத்தட்டு. பண்ணைக்காரர்கள் வேலி பார்க்கப் போவதற்கும், வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் நுழைவதற்கும், இளைஞர்கள் மணல்மேட்டில் விளையாடுவதற்கும் ஏற்ற வண்டி. மரங்களுக்கு நடுவே நுழைய வேண்டுமானால் குறுகலாக இருக்க வேண்டும். பாறையில் அடி தட்டாமல் இருக்க வேண்டுமானால் உயரமாக இருக்க வேண்டும். காட்டுக்குள் போகும் எல்லா வண்டிக்கும் இந்த இரண்டு தேவையும் உண்டு. இரண்டுமே வண்டியைக் கவிழ்க்கும் பக்கம் தள்ளுபவை.

கணக்கு எளிது. ஒரு வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியை எடுத்து, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை வண்டிகள் கவிழும் அபாயத்தை மதிப்பிடுவதற்கு இந்த எண்ணைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. சாதாரணக் காருக்கு இது 1.3-லிருந்து 1.5 வரை. எண் சிறுக்கச் சிறுக்க, டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழ்ந்துவிடும். வழுக்கினால் பிழைக்க வழியுண்டு. கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும், நாம் பதறிப்போய் வேகத்தைக் குறைப்போம். கவிழும் வண்டி அந்த அவகாசத்தைத் தராது.

விளக்கத்துக்காக ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். எடை 500 கிலோ, சக்கர இடைவெளி 120 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 செ.மீ. பாதி இடைவெளியான 60-ஐ 55-ஆல் வகுத்தால் 1.09. இப்போது இரண்டு பேர் ஏறி உட்காருகிறார்கள். இருவரும் சேர்ந்து 150 கிலோ. அவர்களின் உடல் எடை தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். மொத்த ஈர்ப்பு மையம் 63 செ.மீ.க்கு ஏறிவிடுகிறது. எண் 0.95-க்கு இறங்கிவிடுகிறது. ஒன்றரை டன் காரில் இரண்டு பேர் ஏறினால் பெரிய வித்தியாசம் இருக்காது. அரை டன் வண்டியில் பயணிகளே வண்டியின் குணத்தை மாற்றிவிடுகிறார்கள். திருப்பத்தில் டயரும் ஸ்பிரிங்கும் ஒரு பக்கம் அமுங்குவதையும் சேர்த்தால், ஓடும்போது உண்மையான எல்லை இன்னும் கீழே இருக்கும்.

அந்த எல்லை 0.7 என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு விசையின் பத்தில் ஏழு பங்கு பக்கவாட்டில் தள்ளினால் வண்டி சாயும் என்று அர்த்தம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த விசை எத்தனை வேகத்தில் வரும்? மணிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. வளைவை 5 மீட்டராகச் சுருக்கினால் 21 கி.மீ. போதும். சைக்கிளில் வேகமாகப் போகிற பையன் தொடும் வேகம் அது. காரோ பைக்கோ ஓட்டிப் பழகிய எவருக்கும் 21 கி.மீ. என்பது ஆபத்தான வேகமாக மனதில் பதிந்திருக்காது. பல ஆண்டுகள் ஓட்டிச் சேர்த்த அனுபவம் இங்கே தவறான பதிலைச் சொல்கிறது.

ரைனோவில் செய்யச் சொன்ன திருத்தங்களைப் பாருங்கள். பின்சக்கரங்களில் 50 மி.மீ. ஸ்பேசர் வைத்து அகலத்தைக் கூட்டினார்கள். இதன் காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. இன்னொரு திருத்தம், பின்பக்கத்திலிருந்த ஆன்டி ரோல் பாரைக் கழற்றிவிட்டார்கள். வண்டி சாயாமல் இருப்பதற்காகத்தானே அந்தக் கம்பியை வைப்பார்கள், அதைக் கழற்றினால் எப்படிப் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும். அந்தக் கம்பி திருப்பத்தில் பின்பக்கத்து எடையை வெளிப்புறச் சக்கரத்தின் மேல் கூடுதலாக ஏற்றுகிறது. ஒரே டயரில் எடை குவிந்தால் இரண்டு பின் டயர்களும் சேர்ந்து தரும் மொத்தப் பிடிப்பு குறையும். பின்பக்கம் வெளியே ஒதுங்கும், வண்டியின் மூக்கு வளைவுக்குள் இன்னும் திரும்பும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை அதே இடத்தில் பிடித்திருக்கிறார், ஆனால் வளைவு தானாகவே இறுகிக்கொண்டே போகிறது. 10 மீட்டர் ஆரத்தில் பத்திரமாக இருந்த வேகம், 7 மீட்டர் ஆரத்தில் கவிழ்க்கும் வேகமாகிறது. கம்பியை எடுத்துவிட்டால் இந்தப் போக்கு தணிகிறது.

அடுத்ததாக வருவது உடலின் அனிச்சைச் செயல். வண்டி சாயத் தொடங்கியதும் மனிதன் கையையோ காலையோ வெளியே நீட்டித் தரையில் ஊன்றப் பார்ப்பான். குழந்தை நடை பழகும் நாளிலிருந்து விழும்போதெல்லாம் நம்மைக் காப்பாற்றிய பழக்கம் அது. பக்கம் திறந்த வண்டியில் அந்தக் காலின் மேல்தான் இரும்புக் கூண்டு வந்து விழும். அரை டன்னையும் அதற்குமேல் மனிதர்களின் எடையையும் கணுக்கால் தாங்காது. அதனால்தான் யமஹா 2007-லேயே இந்த வண்டிகளுக்கு இலவசமாக அரைக்கதவும் கூடுதல் கைப்பிடியும் தர முன்வந்தது. கதவு எந்த விசையையும் தடுக்கப் போவதில்லை. கால் வெளியே போகாமல் தடுக்கும், கைப்பிடி கைக்கு ஒரு வேலை கொடுக்கும்.

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. 1960-களின் இறுதியில் அமெரிக்க ஹோண்டா விற்பனையாளர்கள், குளிர்காலத்தில் பைக் விற்பனை படுத்துவிடுகிறது, அந்த மாதங்களில் விற்க ஏதாவது வேண்டும் என்று கேட்டார்கள். ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் மூன்று சக்கர வண்டி ஒன்றை உருவாக்கினார். ஊதிப்பெருத்த பலூன் டயர்கள், தனியாக ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. 1970-ல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டியது. குடும்பத்தோடு விளையாடும் வண்டி என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 1980-களில் பந்தய ரகங்களும் வந்துவிட்டன.

மூன்று சக்கரம் நிலையானது என்று கண் சொல்லும். நிறுத்தி வைத்திருக்கும்போது அது உண்மைதான். ஓடும்போது, முன்சக்கரத்திலிருந்து ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒரு கோடு இழுத்தால், அந்த முக்கோணத்துக்குள் எடை இருக்கும்வரைதான் வண்டி நிற்கும். பிரேக் பிடித்தாலோ சரிவில் இறங்கினாலோ எடை முன்னால் நகரும். முன்னால் போகப் போக முக்கோணம் குறுகும். இறக்கத்தில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் மூன்று கெடுதலும் ஒன்றாக வருகின்றன. அத்தோடு பின்சக்கரங்கள் இரண்டும் டிஃபரன்ஷியல் இல்லாத ஒரே ஆக்ஸிலில் பூட்டப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும் என்பதால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதைத் திருப்ப வேண்டுமானால், உடலின் மேற்பகுதியை வளைவின் உட்பக்கம் சாய்த்து, வெளிப்புறக் காலால் மிதியை அழுத்தி, உட்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். 30 கிலோ எடையுள்ள பிள்ளை எப்படிச் சாய்ந்தாலும் வண்டி அதைப் பொருட்படுத்தாது. பைக் பழகியவர் திருப்பத்தில் காலைத் தரையில் ஊன்றுவார். பின்சக்கரம் அந்தக் கெண்டைக்காலின் மேல் ஏறும்.

1987 டிசம்பரில் அமெரிக்க அரசு வண்டித் தயாரிப்பாளர்கள் மேல் வழக்குத் தொடுத்தது. அந்தச் சமயத்தில் ஏடிவி எனப்படும் காட்டுப்பாதை வண்டிகளால் ஏற்பட்ட மரணங்கள் சுமார் 900 என்று சொல்லப்பட்டது. அவர்களில் கணிசமானோர் 16 வயதுக்குட்பட்டவர்கள். 1988 ஏப்ரலில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களும் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. பெரிய எஞ்சின் வண்டியை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கென்று விற்கக்கூடாது. வாங்குபவருக்கு இலவசப் பயிற்சி தர வேண்டும். விளம்பரங்களும் அந்த உடன்படிக்கைக்குள் வந்தன. ஒரு பொருளைப் பற்றி நிறுவனம் என்ன சொல்கிறது என்பதும் அந்தப் பொருளின் பாதுகாப்பில் ஒரு பாகம் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட தருணம் அது. உடன்படிக்கையின் காலம் 10 ஆண்டுகள். 2008-ல் வந்த சட்டம் புதிய மூன்று சக்கர ஏடிவிகளை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தது.

இன்றைய வண்டிகள் அந்தக் காலத்து வண்டிகளோடு ஒப்பிட முடியாதவை. 2022-ல் வந்த போலாரிஸ் ரேஸர் ப்ரோ ஆர் வண்டியின் திறன் 225 குதிரைத்திறன். நம் ஊரில் குடும்பத்தோடு போகும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அதில் பாதிகூட இருக்காது. இவற்றின் விளம்பரப் படங்களைப் பார்த்தால், வண்டி மணல்மேட்டின் உச்சியிலிருந்து பாய்ந்து, காற்றில் மிதந்து, புழுதி கிளப்பி இறங்குகிறது. ஓட்டுபவர் தொழில்முறைப் பந்தய வீரர். தோளையும் இடுப்பையும் கட்டிப்போடும் பட்டை, தீப்பிடிக்காத உடை, முன்கூட்டியே நடந்து பார்த்து அளந்த இடம், அருகில் மருத்துவக் குழு. இவை எதுவும் பார்ப்பவர் மனதில் தங்காது. அதே நிறுவனம் தரும் கையேட்டைத் திறந்தால், தாவாதே, சாகசம் செய்யாதே, திடீரென்று திருப்பாதே என்றிருக்கும். படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்கள். கையேடு டாஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது. எந்தக் குரலை உரக்கப் பேச வைப்பது என்று தீர்மானிப்பது நிறுவனம்தான். அந்தத் தீர்மானத்துக்கு அது பதில் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலகின் பல பகுதிகளில் விளம்பர ஒழுங்கமைப்புகள் இதைப் பாதி ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் வாகன விளம்பர நெறிகள், பாதுகாப்பற்ற ஓட்டுதலைத் தூண்டும் வகையில் வேகத்தைக் காட்டக்கூடாது என்கின்றன. சாகசக் காட்சி இருந்தால் எளிதில் வாசிக்கக்கூடிய எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்கின்றன. படம் ஓடும்போது அடியில் பொடி எழுத்தில் வந்துபோகும் ஒரு வரி, கண்முன் பறக்கும் வண்டியோடு எந்த அளவுக்குப் போட்டியிட முடியும்?

ஃபோர்டு ராப்டர் இன்னொரு வகையான பாடம். பாஹா பாலைவனப் பந்தயத்தின் பெயரோடு 2009-ல் விற்பனைக்கு வந்த இந்த பிக்கப்பின் முன்சக்கரம் 28 செ.மீ.க்கும் மேல், பின்சக்கரம் 30 செ.மீ.க்கும் மேல் ஏறி இறங்கும். 2011-ல் பாலைவனத்தில் கூட்டமாக ஓட்டிப் பார்த்த உரிமையாளர்கள் சிலரின் வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்துபோனது. பாலைவனத்தில் வேகமாக ஓட்டத்தானே விற்றீர்கள் என்றார்கள் அவர்கள். எந்த வண்டிக்கும் எல்லை உண்டு, அந்த மேடுகளுக்கு அந்த வேகம் அதிகம் என்பது நிறுவனத் தரப்பு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஷாக் அப்சார்பரின் வேலை. 3 மீட்டர் நீளத்தில் 30 செ.மீ. உயரும் ஒரு மேட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஏறினால், சக்கரம் விநாடிக்கு சுமார் 1.4 மீட்டர் வேகத்தில் மேலே தள்ளப்படும். 100 கி.மீ.யில் அது 2.8 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் உள்வாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இருக்கும் 30 செ.மீ. நீளத்துக்குள் ஷாக் அப்சார்பரின் எண்ணெய் அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிட வேண்டும். தவறினால் மிச்சம் இரும்போடு இரும்பாக மோதி சேஸிஸுக்குப் போகும். ராப்டரின் ஷாக் அப்சார்பர்கள் நடுப்பகுதியில் மென்மையாகவும் முனையை நெருங்கும்போது கடினமாகவும் இயங்கும் வகை. மிகச் சிறந்த வடிவமைப்பு. விளைவாக, எந்த வேகத்திலும் இருக்கை ஏறக்குறைய ஒரே மாதிரி சுகமாக இருக்கும். பழைய ஜீப்பில் 40 கி.மீ. தாண்டினாலே முதுகெலும்பு எச்சரிக்கும். இங்கே கடைசிச் சில சென்டிமீட்டர் வரை எச்சரிக்கை வராது. வந்தபின் செய்ய எதுவும் மிஞ்சாது.

திறன்மிக்க வண்டி என்பது எல்லையைத் தள்ளிவைக்கும் வண்டி மட்டுமில்லை, எல்லை நெருங்குவதை மறைக்கும் வண்டியும்கூட. ரைனோவில் குறைந்த வேகம் மறைத்த எச்சரிக்கையை ராப்டரின் எண்ணெய் வேறு விதமாக மறைத்தது. விளம்பரம் அதே மறைப்பை மனதுக்குள் செய்கிறது.

ஓட்டுநர் மனதோ அதற்கு முன்பே தயாராக இருக்கிறது. 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களில் 93 சதவீதத்தினர் தங்கள் ஓட்டும் திறமை நடுநிலைக்கு மேல் என்றார்கள். ஸ்வீடன் நாட்டவரில் 69 சதவீதம். சரி, பயிற்சி கொடுத்தால் தீராதா? நார்வேயில் வழுக்குத் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1988-ல் வந்த மதிப்பீடு, அதற்குப் பின் ஆண்களுக்கு வழுக்குச் சாலை விபத்துகள் கூடியிருந்ததைக் காட்டியது. 1996-ல் நில்ஸ் பீட்டர் கிரேகெர்சன் ஸ்வீடனில் இளம் ஓட்டுநர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் திறமைப் பயிற்சி. இன்னொரு குழுவுக்குத் தங்கள் திறமை எங்கே கைவிடும் என்று காட்டும் பயிற்சி. பிறகு சோதித்தபோது இரு குழுவின் உண்மையான திறமையிலும் வித்தியாசமில்லை. முதல் குழுவின் தன்னம்பிக்கை மட்டும் கூடியிருந்தது. காட்டுப்பாதை வண்டி விற்பவர்கள் நடத்தும் பயிற்சிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

ஓட்டுநர் மேல் பழிபோட இடமே இல்லாத விபத்துகளும் உண்டு, அவற்றை இதோடு கலந்துவிடக் கூடாது. 2016 ஏப்ரலில் போலாரிஸ் சுமார் 1,33,000 ரேஸர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே தீப்பற்றிய சம்பவங்கள் 160-க்கு மேல். ஒரு வண்டியில் பயணம் செய்த 15 வயதுச் சிறுமி இறந்துபோனாள். குறைபாடுகளை உடனடியாகத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் நிறுவனம் 2018-ல் 2 கோடியே 72.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. வாங்கியவர் எத்தனை கவனமாக ஓட்டியிருந்தாலும் எஞ்சின் அறையின் வெப்பத்தை அவர் குறைத்திருக்க முடியாது.

அதேபோல், எந்த நிறுவனத்தின் மீதும் போட முடியாத பொறுப்பு ஓட்டுநருக்கு உண்டு. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் ஒவ்வொரு வண்டியும் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் தெரியும் கொடி கட்டியிருக்க வேண்டும். காற்று ஒதுக்கிய மணல் ஒரு பக்கம் மெல்ல ஏறி, உச்சியில் கத்திமுனைபோல் முறிந்து, மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் சரியும். ஏறுபவருக்கு எதிரில் வானம் மட்டும் தெரியும். மறுபக்கத்திலிருந்து ஏறிவரும் வண்டியைக் காட்டிக்கொடுப்பது உச்சிக்கு மேல் தலைநீட்டும் அந்தக் கொடிதான். உச்சியில் நின்று பார்த்துவிட்டு இறங்குவதா, பறப்பதா என்பது ஓட்டுபவரின் வலதுகால் எடுக்கும் முடிவு. பக்கத்தில் உட்காருபவர் விஷயமும் அப்படித்தான். முதுகு இருக்கையில் படிய வேண்டும், பாதம் தரையில் ஊன்ற வேண்டும், கை பிடியை எட்ட வேண்டும். அழுது அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் ஏற்றக்கூடாது. ஏனென்றால் கூண்டு காப்பது அதற்குள் இருப்பவரைத்தான். பெல்ட் போடாத உடல், வண்டி கால்வாசி சாய்வதற்குள் பாதி வெளியே வந்துவிடும்.

2014-ல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதியை முன்மொழிந்தது. வண்டிகள் குறைந்தது 0.7 பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும், திருப்பத்தில் வளைவு தானாக இறுகக் கூடாது, ஓட்டுநர் பெல்ட் போடாவிட்டால் வண்டி மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. தொழில்துறை எதிர்த்தது. வடிவமைப்பைச் சட்டம் கட்டிப்போடுகிறது என்றார்கள். பின்னர் துறையின் தன்னார்வத் தரவிதிகள் திருத்தப்பட்டன, பெல்ட் போட்டால்தான் வேகமெடுக்கும் ஏற்பாடு பல வண்டிகளில் இப்போது வந்துவிட்டது. வேலி பார்க்கப் போகும் பண்ணைக்காரர் இருபது முறை இறங்கி ஏறும்போது அது தொல்லைதான். ஆனாலும் முன்மொழிந்த மூன்றில் முதல் இரண்டும் பொறியாளர் செய்ய வேண்டியவை, மூன்றாவது ஓட்டுநர் செய்ய வேண்டியது. ரைனோ அறிவிப்பின் இரண்டு தகவல்களுக்கும் அதில் இடமிருந்தது.